"நம்ம ஊரில் இதுக்கெல்லாம் யாரு காசு கொடுத்து வருவாங்க?": தனியாக ஆலோசனை மையம் நடத்தும் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் உளவியலில் எம்.எஸ்சி முடித்தவர். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பகுதி நேர ஆலோசகராக இருக்கிறார், ஒரு வருடமாக மாலை நேரத்தில் மட்டும் சொந்தமாக ஓர் அறை எடுத்து ஆலோசனை தருகிறார். வாரத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள், கட்டணம் 300 ரூபாய், அறை வாடகை 6,500. கட்டணத்தைக் கூட்ட மனசு வரவில்லை, நாலு பேரிடம் போய்ச் சொல்லக் கூச்சம், தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று பலர் வருவதில்லை, வந்தவரிலும் சிலர் ஒரே தடவையோடு நின்றுவிடுகிறார்கள், இன்னும் ஒரு கோர்ஸ் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமோ என்ற தயக்கம், நம்ம ஊரில் இது இதற்கு மேல் வளராது என்ற எண்ணம் விடவே மாட்டேன் என்கிறது, இதையெல்லாம் தாண்டுவது எப்படி, பள்ளி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் தஞ்சாவூரில் இதே வேலையில் பல காலமாக இருப்பவள், இளம் ஆலோசகர்களுக்கு மேற்பார்வையும் செய்கிறேன், அதாவது அவர்கள் பார்க்கும் ஆட்களைப் பற்றி என்னோடு பேசி வழி கேட்பார்கள். இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து நிறையக் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, நீங்கள் இரண்டு வகைச் சரக்கை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். ஒன்று, டெல்டாவின் உண்மை நிலவரம். இன்னொன்று, அந்த நிலவரத்தைப் பார்த்து உங்கள் மனம் தானாகப் போட்டுக்கொண்ட முடிவு. உதாரணத்துக்கு, "இந்த மாசம் இரண்டே பேர்தான் வந்தாங்க" என்பது நிலவரம். "எனக்கு இந்தத் தொழில் வராது" என்பது முடிவு. நிலவரத்துக்கு ஏற்பாடு தேவை, முடிவுக்குச் சோதனை தேவை. "பாசிட்டிவாக நினை" என்று சொல்லும் பயிற்சிகளில் பணம் கட்டிவிட்டு வந்து பலர் சோர்ந்துபோவதற்குக் காரணம், நிலவரத்தை மனசால் மாற்றப் பார்ப்பதுதான். அது மாறாது. அப்புறம் அந்தத் தோல்வியும் தன் மேல்தான் விழுகிறது.

நிலவரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் வருமானம் மாசா மாசம் வருவதில்லை. தண்ணீர் இருக்கும் ஆண்டில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அதற்குப் பின்னால் சம்பா, தாளடி. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் வீட்டில் பல காரியங்கள் நடக்கும். சம்பளக்காரர் வீடு தவிர்த்த மற்ற வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் கையில் காசு இருக்காது. தீபாவளிச் செலவு முடிந்திருக்கும், மழையும் பிடித்திருக்கும், வயலில் வேலையும் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் உங்கள் அறை காலியாக இருந்தால் அதற்கு நீங்கள் காரணமில்லை. தை, மாசியில் பாருங்கள், சம்பா அறுவடை முடிந்ததும் தள்ளிப்போட்டதையெல்லாம் செய்ய வருவார்கள். மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும்போதும், நீட் சமயத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். ஒரு நோட்டில் மாதவாரியாக எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள். இரண்டு வருடக் கணக்கு கையில் இல்லாமல் "நம்ம ஊரில் வளராது" என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது, உங்களுக்கும்தான்.

சரி, இப்போது அந்தப் பெரிய எண்ணத்துக்கு வருவோம். நம்ம மக்கள் மனக்கஷ்டத்தைப் பேசக் காசு கொடுக்க மாட்டார்கள் என்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறை தாண்டினால் வைத்தீஸ்வரன் கோயில். அங்கே நாடி ஜோதிடம் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்து, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து, பெற்றோர் பெயரிலிருந்து கல்யாணத் தடை வரை மனம் திறந்து பேசி, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போனால் திருமணஞ்சேரி, கர்ப்பத்தைப் பற்றிப் பயம் என்றால் திருக்கருகாவூர், சனி என்றால் திருநள்ளாறு. மனம் சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் குணசீலத்துக்குப் போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்கும் குடும்பங்கள் உண்டு. வேன் வாடகை, தங்குமிடம், பரிகாரம் என்று அந்தக் குடும்பம் செலவழிக்கும் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தவருக்கு அது தரும் தெம்பை என் அறையிலேயே பார்க்கிறேன். கோயிலுக்கும் போங்கள், இங்கேயும் வாருங்கள் என்றுதான் சொல்வேன். நான் சொல்ல வருவது, மனசு பாரமாக இருக்கும்போது காசும் நேரமும் செலவு செய்யும் பழக்கம் டெல்டாவில் ரொம்பப் பழசு என்பதைத்தான். உங்கள் அறையில் என்ன நடக்கும், எத்தனை முறை வர வேண்டும், அதனால் என்ன மாறும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

தேவையே இல்லையோ என்ற சந்தேகமும் வேண்டாம். பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள், பிரச்சினையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை என்று அதில் வந்தது.

அடுத்தது கட்டணம், உங்கள் கேள்வியில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கணக்கை முதலில் பார்ப்போம். வாரம் ஐந்து பேர், மாதம் இருபது அமர்வு, 300 வீதம் 6,000 ரூபாய். வாடகை 6,500. கரண்ட், தண்ணீர் கேன், போன் இதெல்லாம் தனி. அதாவது உங்கள் பள்ளிச் சம்பளம்தான் இந்த அறைக்கு வாடகை கட்டுகிறது. உங்களிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் கைக்காசு போட்டுத்தான் ஆலோசனை சொல்கிறீர்கள். இதைத் தெரிந்தே, மனமாரச் செய்தால் அது தர்மம். தெரியாமல் நடந்தால் ஒரு நாள் எரிச்சலாக மாறி, எதிரில் உட்கார்ந்திருப்பவர் மேல் திரும்பும்.

ஏன் கூட்ட முடியவில்லை என்று கண்டுபிடிக்க, நாம் மற்றவர்களுக்குச் செய்வதையே உங்களுக்கும் செய்யுங்கள், பேப்பரில் எழுதி. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தானாக எழும் எண்ணங்களைப் பிடித்துப் பார்க்கச் சொன்ன அதே வழி. மேற்பார்வைக்கு வரும் இளம் ஆலோசகர்களோடு இதைச் செய்யும்போது பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும். "கட்டணத்தைக் கூட்டினால்?" "வர மாட்டாங்க." "வரலைன்னா?" "காசுக்கு ஆசைப்பட்டவன்னு பேசுவாங்க." "பேசினா?" கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் வரும்: "எங்க அப்பா வாத்தியார். திண்ணையில உட்கார வெச்சு ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காம டியூஷன் எடுத்தவர்." இதுதான் அடியில் கிடக்கிறது. அறிவை விற்கக் கூடாது என்று வளர்ந்த வீடு. அந்த மதிப்பு நல்ல மதிப்பு, அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அப்பாவுக்கு மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம் வந்தது, திண்ணைக்கு வாடகை கிடையாது. உங்களுக்கு இரண்டும் இல்லை. அவருடைய தர்மத்தை உங்கள் நிலைமையில் எப்படிச் செய்வது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. புதிதாக வருபவர்களுக்கு 600 ரூபாய். ஏற்கெனவே வருபவர்களுக்கு ஒரு தேதி சொல்லி, மூன்று மாதம் முன்னாலேயே தெரிவித்து, அதுவரை பழைய கட்டணம். வாரத்தில் இரண்டு நேரத்தை மட்டும் குறைந்த கட்டணத்துக்கென்று ஒதுக்குங்கள், 100 ரூபாயோ 150 ரூபாயோ, அந்த இரண்டும் நிரம்பிவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். வாரம் பத்துப் பேர் முழுக் கட்டணத்தில் வந்தால் மாதம் 24,000, அந்த இரண்டு பேரை நீங்கள் கடைசி வரை தாங்கலாம். அதுவும் கொடுக்க முடியாதவரை எங்கே அனுப்புவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது, எல்லாமே இலவசம். இந்த விவரங்களை ஒரு தாளில் அச்சடித்து மேசையிலேயே வையுங்கள். "நான் கூட்டினால் ஏழைகள் எங்கே போவார்கள்" என்ற குற்றவுணர்ச்சிக்கு நேரடி மருந்து அந்தத் தாள்தான், வாசலுக்கு வந்த ஒருவரும் வெறுங்கையோடு திரும்பப் போவதில்லை.

தொகையை எப்போது, எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமர்வு முடிகிறது, வந்தவர் பர்ஸைத் திறந்துகொண்டே "எவ்ளோங்க?" என்கிறார், நீங்கள் "பரவாயில்லை, இருக்கிறதைக் கொடுங்க" என்கிறீர்கள். உங்களுக்கு அது கருணை, அவருக்கு அது பரீட்சை. 200 கொடுத்தால் குறைச்சலோ, 500 கொடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்று பர்ஸுக்குள் விரல் தடுமாறும். ஒரு நோட்டை எடுத்து மேசை ஓரத்தில், பார்க்காத மாதிரி வைத்துவிட்டுப் போவார். அடுத்த தடவை அந்தச் சங்கடத்தை நினைத்தே பலர் வருவதில்லை, வந்தாலும் கூடவே ஒரு பை கத்தரிக்காயோ ஒரு தார் பூவம்பழமோ கொண்டுவந்து கடனைத் தீர்க்கப் பார்ப்பார்கள். தொகையை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "ஒரு தடவைக்கு 50 நிமிஷம், 600 ரூபாய், கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு இருக்கிறது." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே "இல்லை, குறைத்துக்கொள்ளலாம்" என்று நீங்களே ஆரம்பிக்காதீர்கள். இது சொல்லிச் சொல்லித்தான் நாக்குக்குப் பழகும், வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினாலும் தப்பில்லை.

இதையே சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். "600 சொன்னால் எல்லோரும் போனை வைத்துவிடுவார்கள்" என்று உங்கள் மனம் சொல்கிறது. அதை எழுதி வைத்துவிட்டு, அடுத்து வரும் பத்து அழைப்புகளில் 600 சொல்லிப் பார்த்து, எத்தனை பேர் நேரம் குறித்தார்கள் என்று அதே தாளில் குறியுங்கள். பாதிப் பேர் வந்தாலே உங்கள் வருமானம் குறையவில்லை. யாருமே வரவில்லையென்றால் அதுவும் தகவல்தான், 450க்கு இறங்கிப் பாருங்கள்.

"தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்க" என்று வர மாட்டார்கள் என்கிறீர்களே, இது எண்ணமே இல்லை, நிஜம். கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூருக்கு வருவார், தஞ்சாவூர்க்காரர் திருச்சிக்குப் போவார், மன்னார்குடியில் நல்ல ஆலோசகர் இருந்தாலும் மன்னார்குடிக்காரர் பஸ் ஏறுவார். இதற்கு மனசைத் தேற்றிக்கொண்டு பயனில்லை, ஏற்பாடு வேண்டும். பல் மருத்துவர், ஸ்கேன் சென்டர், லேப் எல்லாம் ஒரே மாடிப்படியில் இருக்கும் கட்டடமாக அறை பாருங்கள், படியேறுபவர் எங்கே போகிறார் என்று கீழே டீக்கடையில் நிற்பவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கு நடுவில் கால் மணி நேரம் விடுங்கள், ஒருவர் இறங்கிப் போன பிறகுதான் அடுத்தவர் வர வேண்டும். வாசலில் பெயர் எழுதும் நோட்டு வைக்காதீர்கள். நீங்களும் உங்கள் ஊரோடு நிற்காமல் மாயவரத்திலோ திருவாரூரிலோ வாரத்தில் ஒரு நாள் யாராவது மருத்துவரின் அறையை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து உட்காரலாம். வெளியூருக்குப் போய்ப் பார்க்கத்தான் மக்கள் விரும்புகிறார்கள் என்றால், அந்த வெளியூர் ஆலோசகராக நீங்கள் இருக்கலாமே.

அதே காரணத்தால் ஆன்லைனும் நமக்கு நன்றாகவே பொருந்தும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவே இல்லாத ஊர்கள் நம்முடையவை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், அதனால் நம்ம ராத்திரி எட்டு மணி துபாயில் ஆறரை, வேலை முடிந்து அறைக்கு வந்த நேரம். தமிழில், அதுவும் நம்ம பக்கத்துத் தமிழில் பேச ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த நாட்டில் இருப்பவருக்கு இங்கிருந்து ஆலோசனை சொல்வதற்கு அங்கே என்ன விதி என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தற்கொலை எண்ணம் போன்ற அவசரத்தில் அங்கே யாரைக் கூப்பிடுவது என்பதையும் முதல் அமர்விலேயே எழுதி வாங்குங்கள்.

"நான் டாக்டர் இல்லையே, இன்னும் ஒரு கோர்ஸ் படிச்சுட்டு ஆரம்பிக்கலாமா" என்பதில் பாதி சட்டம், பாதி பயம். சட்டப் பாதி: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும், எம்.எஸ்சி மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போடக் கூடாது, மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. பலகையில் உங்கள் படிப்பையும் "உளவியல் ஆலோசகர்" என்பதையும் மட்டும் எழுதுங்கள். பயப் பாதி: 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவர், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் தங்களைப் போலி என்றே உள்ளூர நினைப்பதைப் பற்றி எழுதினார்கள். சான்றிதழ் கூடுவதால் அந்த எண்ணம் போவதில்லை, சுவரில் எட்டுச் சான்றிதழ் மாட்டியவர்களும் இதையேதான் என்னிடம் சொல்கிறார்கள். கோர்ஸுக்குக் கட்டும் பணத்தை மாதம் இரண்டு முறை மேற்பார்வைக்குக் கொடுங்கள். வருபவர்களிடம் மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளைத் தமிழில் முதல் நாளும், நாலு அமர்வுக்கு ஒரு முறையும் நிரப்பச் சொல்லுங்கள், அது இலவசம்தான். மொத்தம் 27ல், ஐந்து புள்ளி குறைந்தாலே பொருட்படுத்த வேண்டிய மாற்றம் என்று கொள்கிறார்கள். "என்னால யாருக்கும் எதுவும் ஆகலையோ" என்று ராத்திரி பதினோரு மணிக்கு மனம் கேட்கும்போது எடுத்துப் பார்க்க அந்தத் தாள்கள் இருக்கும். புள்ளி குறையவில்லை என்றாலும் நல்லது, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவரைத் தாமதமில்லாமல் அனுப்பலாம்.

அப்படி அனுப்பும்போது அரைப்பக்கக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள்: என்ன சொல்லி வந்தார், எத்தனை முறை பார்த்தேன், எதனால் அனுப்புகிறேன், வந்தவரின் சம்மதத்தோடு. நம்ம ஊர் மனநல மருத்துவர்களுக்கு மாலையில் ஓபி கூட்டம் வாசல் தாண்டி நிற்கும், ஒருவரிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச அவர்களுக்கு வழியில்லை. எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த ஆலோசகர் ஒருவர் கிடைத்தால் அவர்களே உங்களிடம் ஆள் அனுப்புவார்கள். விளம்பரக் கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மகளிர் குழுக் கூட்டத்தில் தூக்கமின்மை பற்றி இருபது நிமிடம், பெற்றோர் கூட்டத்தில் பரீட்சைப் பயம் பற்றி இருபது நிமிடம் பேசுவதும் அப்படித்தான், உங்களைப் பற்றி எதுவும் சொல்லாமலே உங்களைத் தெரிந்துகொள்வார்கள். வந்து குணமானவர்களைப் பேச வைத்து வீடியோ போடும் வேலை மட்டும் வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-வது பிரிவில் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. நீங்கள் கேட்டால் நன்றிக்கடனில் சரி என்றுதான் சொல்வார்கள், அந்தச் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

ஒரு தடவை வந்துவிட்டு அப்புறம் வராதவர்களைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். மோஷே டால்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் பெரிய மருத்துவ நிறுவனம் ஒன்றில் இதைப் பார்த்தார், அங்கேயும் ஒரே ஒரு முறை வந்து நின்றவர்கள்தான் அதிகம். தொடர்புகொண்டு விசாரித்தபோது அவர்களில் பெரும்பாலோர், வந்த காரியம் ஆகிவிட்டது, அதனால் திரும்ப வரவில்லை என்றார்கள். முதல் நாளிலேயே, "இரண்டு வாரம் கழித்து ஒரு முறை போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாமா" என்று அனுமதி வாங்கி வையுங்கள். நீங்களாகக் கற்பனை செய்துகொள்வதற்குப் பதிலாகக் காரணம் தெரியும்.

இன்னும் ஒன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் வயதில் இருப்பவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். "எந்தத் தெரு நீங்க?" என்று வந்தவர் கேட்பார், எதற்குக் கேட்கிறார் என்று நமக்கும் தெரியும். "இன்னும் கல்யாணம் ஆகலையாம்மா, எங்க சண்டையை நீ எப்படித் தீர்ப்பே" என்றும் கேட்பார்கள். இதனால்தான் நமக்குக் கூட்டம் வராது என்ற எண்ணம் உள்ளே ஊறிவிடும். அந்தக் கேள்விகள் புண்படுத்தும், அதை நான் மழுப்ப மாட்டேன். முதல் கேள்விக்கு நான், "என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்கள் நேரம் போயிடும், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க" என்று அதே குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டாவதற்கு, "உங்க குடும்பத்தை உங்களைவிட யாருக்கும் தெரியாது, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் முழுசாக் கேட்க வைக்கிறதுதான் என் வேலை" என்று சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் எழுந்து போகிறவர் போகட்டும், அவரைப் பிடித்து நிறுத்துவது உங்கள் பொறுப்பில்லை.

பள்ளி வேலையை இப்போது விடாதீர்கள். அந்தச் சம்பளம் இருப்பதால்தான் புதுக் கட்டணத்தைப் பயமில்லாமல் சொல்ல முடியும், கையில் காசில்லாதபோது யார் வந்தாலும் விட மனசு வராது, அனுப்ப வேண்டியவரையும் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஒரு ஐப்பசி, கார்த்திகை, அதாவது உங்கள் மோசமான இரண்டு மாதங்கள், புதுக் கட்டணத்தில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு மாதத்திலும் வாடகை, மேற்பார்வை, வீட்டுச் செலவு மூன்றும் அறையிலிருந்தே வந்தது, கூடவே ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் இருக்கிறது என்றால் அடுத்த மே மாதத்தோடு பள்ளியில் சொல்லிவிட்டு வரலாம். பள்ளியில் உங்களிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளை மாலையில் உங்கள் சொந்த அறைக்குக் கட்டணத்துக்கு வரச் சொல்லாதீர்கள், அவர்கள் பெற்றோரே கேட்டாலும் வேறொரு ஆலோசகர் பெயரைக் கொடுங்கள்.